வழக்கு நோக்கும் காரணத் தேர்வும்

தோற்றுவாய்

மக்கள் செய்வனவற்றைக் காண்டல் எளிது. அவற்றை ஏன் செய்கின்றனர் என்று அறிதல் அரிது. முன்னது கண்ணின் தொழில். பின்னது ஒப்பிட்டுத் தேரும் அறிவின் தொழில். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவைக் கருதாது, கண்ட அளவிலேயே காரணம் கூறிவிடும் வழக்கம் கற்றாரிடத்தும் உண்டு. வகுப்பில் வாய் திறவாத மாணவனை மந்தன் என்கிறோம். ஊரார் இயற்றும் சடங்கொன்றைக் கண்டு அறியாமை என்கிறோம். திண்ணையிற் கூடிப் பேசும் பெண்டிரைக் கண்டு வீண்பொழுது என்கிறோம். இவை காரணங்கள் அல்ல; காண்பவர் தம் உள்ளத்தினின்று எடுத்துக் காட்சியின்மேல் ஒட்டும் பெயர்களே.

வட்டார வழக்கு, நாட்டுப்புறப் பாடல், ஊர்ப்பெயர், சடங்கு ஆகியன தமிழ்த்துறைகளின் ஆய்வுப் பொருள்களாகிவிட்டன. ஏட்டை மட்டும் நோக்கிய ஆய்வாளர் இன்று ஊரையும் நோக்க வேண்டியவராகிறார். ஆதலின், அன்றாடச் சூழலில் மக்கள் நடத்தையை நோக்கிக் காரணம் காணும் முறை யாது என்னும் வினா நமக்குப் புறம்பானதன்று. அம்முறையைத் தென்காசியை அடுத்துள்ள குத்துக்கல்வலசையைச் சூழலாகக் கொண்டு விளக்க இக்கட்டுரை முற்படுகின்றது.

அவ்வூரின் பெயரே நமக்கு ஒரு முதற்பாடம் ஆகின்றது. குத்துக்கல் என்பது செங்குத்தாக நட்டு நிறுத்திய கல். வலசை என்பது மக்கள் கூட்டமாக இடம்பெயர்தலைக் குறிக்கும் சொல். யாரோ ஒரு கல்லை நட்டனர், யாரோ இடம்பெயர்ந்து வந்தனர் என்னும் இரண்டு செயல்களைச் சொல்லமைப்பு நமக்குக் காட்டுகின்றது. ஆனால் கல்லை ஏன் நட்டனர், மக்கள் ஏன் பெயர்ந்தனர் என்பனவற்றைப் பெயர் கூறவில்லை. செயலின் சுவடு கிடைத்த அளவில் காரணமும் கிடைத்துவிட்டதாகக் கருதலாகாது என்பதே அப்பாடம்.

மெய்ப்பாட்டியல் காட்டும் நெறி

புறத்தே காணும் குறியைக் கொண்டு அகத்தே நிகழ்வதை உணரும் முயற்சி தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்துள் மெய்ப்பாட்டியல் என ஓரியல் அமைந்துள்ளது. நகை, அழுகை முதலாகிய எட்டு மெய்ப்பாடுகளைக் கூறும் ஆசிரியர், ஒவ்வொன்றிற்கும் நந்நான்கு நிலைக்களன்களையும் வகுக்கின்றார். அச்சம் என்னும் ஒன்று அணங்கினாலும் வரும், விலங்கினாலும் வரும், கள்வராலும் வரும், தன் தலைவனாலும் வரும் என்பது அவர் கருத்து. அழுகைக்கும் அவ்வாறே நான்கு களன்கள் உள. தன்னைப் பிறர் இகழ்ந்தமையால் அழுவாரும், உற்றாரை இழந்தமையால் அழுவாரும், நிலை தாழ்ந்தமையால் அழுவாரும், வறுமையால் அழுவாரும் கண்ணீர் ஒன்றே சிந்துகின்றனர்.

இதனுள் ஓர் அரிய உண்மை அடங்கியுள்ளது. புறத்தோற்றம் ஒன்றாக இருப்பினும் காரணம் பலவாக இருக்கலாம். எனவே, நடுங்குகின்றான் என்று கண்ட அளவில் இன்னதற்கு நடுங்குகின்றான் என்று கூற இயலாது. நிலைக்களன் நோக்கியே கூறல் வேண்டும். உரையாசிரியர்கள் இதனை மேலும் பகுத்து, உணர்வைத் தூண்டும் பொருள், அதனைப் பொறி நுகரும் உணர்வு, உள்ளத்து எழும் குறிப்பு, உடம்பில் வெளிப்படும் விறல் என நான்கு படிகளாக்கினர். இவற்றுள் முதலதும் இறுதியதுமே பிறர் கண்ணுக்குப் புலனாவன. இடைப்பட்ட இரண்டும் உய்த்துணரப்படுவன. நோக்குவார் எதனைக் கண்டார், எதனை ஊகித்தார் என்று பிரித்து எழுத வேண்டும் என்னும் இக்கால ஆய்வு நெறிக்கு இப்பகுப்பு மிக நெருங்கியது.

மெய்ப்பாட்டியலின் இறுதியில், கண்ணாலும் செவியாலும் ஐயமற உணரவல்லார்க்கன்றி ஏனையோர்க்கு மெய்ப்பாட்டின் பொருள் கோடல் அரிது என்னும் கருத்து அமைந்திருப்பதும் நோக்கற்பாலது. எனினும், மெய்ப்பாட்டியலை ஒரு கள ஆய்வு நூலாகவே கொள்வது மிகையாகும். அது செய்யுட்கு உறுப்பாகும் மெய்ப்பாட்டை உரைப்பது. ஊரில் வாழும் மனிதரை எண்ணிக் கணித்து எழுந்ததன்று. நாம் அதனினின்று பெறத்தக்கது பகுத்து நோக்கும் பயிற்சி ஒன்றே.

இடமும் பொழுதும்

அகத்திணையில் நிலமும் பொழுதும் முதற்பொருள் எனப்பட்டன. உரிப்பொருளாகிய மக்கள் ஒழுக்கம் இவற்றோடு இயைந்தே பேசப்படும். ஒழுக்கத்தை இடத்தினின்று பிரித்து நோக்கலாகாது என்பதற்குச் சென்ற நூற்றாண்டின் உளவியல் வேறொரு வழியில் சான்று தந்தது. அமெரிக்க நாட்டுக் கான்சாசு மாநிலத்தில் ஆசுகலூசா என்னும் சிற்றூரில் ரோசர் பார்க்கர், எர்பர்ட் ரைட் என்னும் இருவர் 1947-இல் ஓர் ஆய்வு நிலையம் நிறுவினர். ஆய்வுக்கூடத்தில் மக்களை அமர்த்திச் சோதித்து வந்த உளவியலார், மக்கள் வாழும் இடத்திற்குச் சென்று நோக்கிய முன்முயற்சிகளுள் அஃது ஒன்று. 1949 ஏப்பிரல் 26 அன்று ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் காலையில் விழித்தது முதல் இரவில் உறங்கச் சென்றது வரை செய்தன அனைத்தையும் எண்மர் மாறிமாறி உடனிருந்து எழுதினர். அப்பதிவு 1951-இல் ஒரு தனி நூலாகவே வெளிவந்தது.

இத்தகைய பதிவுகளினின்று பார்க்கர் கண்ட முடிபு எளியது, ஆயினும் ஆழமானது. ஒரு குழந்தை கடையில் ஒருவாறும், வழிபாட்டிடத்தில் வேறொருவாறும், விளையாட்டிடத்தில் மற்றொருவாறும் நடக்கின்றது. ஓரிடத்திலுள்ள பல குழந்தைகளோ பெரும்பாலும் ஒத்தே நடக்கின்றனர். ஆதலின், ஒருவர் என்ன செய்வார் என்று முன்னறிவதற்கு அவர் யார் என்பதைவிட அவர் எங்கு இருக்கின்றார் என்பது பல வேளைகளில் மிகுதியும் துணை செய்யும்.

இம்முடிபைக் குற்றாலத்தில் எளிதிற் காணலாம். ஆனி, ஆடித் திங்களில் சாரல் வீசும் காலத்துப் பேரருவியின்கீழ் நிற்போர் உரக்கக் கூவுகின்றனர். ஊரில் அடங்கி நடக்கும் முதியவரும் அங்குக் கூவுகின்றார். களிப்பினால் கூவுகின்றார் என்று உடனே உரைத்துவிடலாம். ஆனால் நீரின் பேரோசையில் பக்கத்தில் நிற்பவர்க்குச் சொல் எட்டுவதற்காகவும் கூவலாம். குளிர்நீர் தலையில் விழும் அதிர்ச்சியினாலும் கூவலாம். எல்லாரும் கூவுவதனால் தாமும் கூவலாம். இவற்றுள் எது காரணம் என்பது ஒரு நாள் காட்சியால் துணியப்படாது. நீர் குறைந்து ஓசை தணிந்த நாளில் கூவுகின்றனரா, கூட்டமில்லாத வைகறையில் தனித்து நிற்பவர் கூவுகின்றாரா, அருவியை விட்டு வெளிவந்த பின்னும் அக்குரல் தொடர்கின்றதா என்று பல வேளைகளை ஒப்பிட்டால் காரணங்கள் ஒவ்வொன்றாகக் கழிந்து எஞ்சியது புலப்படும். செயல் நிகழும் வேளையை மட்டுமன்றி அது நிகழாத வேளையையும் நோக்குதல் வேண்டும் என்பதே காரணத் தேர்வின் முதல் விதி எனலாம்.

ஒரு திண்ணைக் காட்சி

அவ்விதியைக் குத்துக்கல்வலசை போன்றதோர் ஊரில் பொருத்திக் காண்போம். தென்காசி, திருநெல்வேலி வட்டாரங்களில் பீடி சுற்றுதல் பெண்டிர் பலர்க்கு வாழ்வு தரும் இல்லத் தொழில். கடையில் இலையும் தூளும் பெற்று வந்து, இலையை நனைத்து, அளவாக வெட்டி, தூளிட்டுச் சுற்றி, முனை மடித்து, நூலாற் கட்டி, மீண்டும் கடையில் ஒப்படைப்பர். கூலி நாட்கணக்கில் அன்று. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்னும் கணக்கில் அமையும். தரம் குன்றியவை கழிக்கப்படும். 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து இத்தொழில் செய்வாரையும் தன் வரம்பிற்குட் கொண்டிருந்தது.

இத்தொழிலைத் தனித்துத் தம் வீட்டிற்குள்ளேயே செய்ய இயலும். எனினும், நான்கைந்து பெண்டிர் மடியில் சுளகுடன் ஒரு வீட்டுத் திண்ணையிலோ மர நிழலிலோ கூடி அமர்ந்து சுற்றும் காட்சி இவ்வட்டாரத்தில் காணக்கூடியது. ஏன் கூடுகின்றனர்? வழிப்போக்கர், பேசிப் பொழுதுபோக்க என்பார். அவர்களையே வினவினும், “சும்மா, பொழுது போகும்” என்னும் விடை வரக்கூடும். கண்டவர் கூற்றும் செய்தவர் கூற்றும் ஒத்தனவாகலின் ஆராய்ச்சி முடிந்தது என்று கருதத் தோன்றும். உண்மையில் ஆராய்ச்சி அங்கேதான் தொடங்குகின்றது.

ஆய்வாளர் ஒருவர் அத்திண்ணைக்கு எதிரே பல நாள் அமர்ந்து நோக்குவதாகக் கொள்வோம். அவர் தம் ஏட்டில் மூன்று நிரல் வரைந்துகொள்ளுதல் நன்று: செயலுக்கு முன் நிகழ்ந்தது யாது, செயல் யாது, அதன்பின் நிகழ்ந்தது யாது. காரணம் என்றொரு நிரல் தொடக்கத்தில் வேண்டா. “பெண்டிர் மகிழ்ச்சியாகப் பேசினர்” என்று எழுதுதல் கூடாது. “மூவர் பேசினர், இருவர் சிரித்தனர், கை நிற்கவில்லை” என்று எழுதுதல் வேண்டும். முன்னது முடிபு, பின்னது காட்சி.

இவ்வாறு எழுதிவரின் அவர் வினவத்தக்க வினாக்கள் தாமே எழும். மின்வெட்டு நாளில் கூட்டம் பெருகுகின்றதாயின் வெளிச்சமும் காற்றும் ஒரு காரணமாகலாம். கடைக்குச் செல்லும் நேரம் நெருங்குங்கால் தம் எண்ணிக்கை முடித்தவர் முடியாதவர்க்குச் சில கட்டுகள் சுற்றித் தருகின்றனராயின், கூடுதல் என்பது ஒருவர்க்கொருவர் தரும் பிணையாகின்றது. தாயொருத்தி தண்ணீர் பிடிக்க எழுங்கால் அவள் குழந்தையை மற்றொருத்தி சொல்லாமலே மடியில் வாங்கிக்கொள்கின்றாளாயின், அத்திண்ணை ஒரு குழந்தைக் காப்பகமாகவும் உள்ளது. புதிதாகத் தொழில் கற்கும் பெண் கைதேர்ந்தவள் அருகிலேயே அமர்கின்றாளாயின், அது பள்ளியுமாகும். பள்ளி விடுமுறையில் கூட்டம் குறைகின்றதா, மழை நாளில் யார் வீட்டிற்கு மாறுகின்றது, மனத்தாங்கல் நேர்ந்த பின் எவர் வரவில்லை என்பனவும் நோக்கத்தக்கன.

இவற்றுள் எவை உண்மை என்பதை அவ்வூர்ப் பதிவே கூறல் வேண்டும். நாம் இருந்த இடத்திலிருந்து கூறுதல் தகாது. ஆனால் ஒன்று தெளிவு. பொழுதுபோக்கு என்னும் ஒரு சொல்லோடு நின்றுவிட்டவர் இவ்வினாக்களுள் ஒன்றையும் எழுப்பியிரார். அவர் அதிகாரம் உடையவராயின், திண்ணைக் கூட்டத்தை வீண் என எண்ணி, ஒவ்வொருவரும் தனித்தமர்ந்து தொழில் செய்யும் ஏற்பாடொன்றைக்கூடச் செய்துவிடுவார். அன்று அப்பெண்டிர் இழப்பது பேச்சை மட்டுமாகாது. பிணையையும் காப்பையும் கல்வியையும் ஒருங்கே இழக்கக்கூடும். காரணம் தவறின் அறமும் தவறும் என்பதற்காகவே இம்முறையை வற்புறுத்துகின்றோம்.

‘ஏன்’ என்னும் வினாவின் நாற்பொருள்

ஒரு செயலுக்குக் காரணம் ஒன்றே என்று கருதுவதும் பிழைக்கு இடமாகும். விலங்கு நடத்தையை அதன் இயற்கைச் சூழலிலேயே நோக்கி ஆராய்ந்தவரும், பின்னர் 1973-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றவருமாகிய நிக்கோ டின்பெர்கன், 1963-இல் எழுதிய கட்டுரையொன்றில், ‘ஏன்’ என்னும் வினா நான்கு வேறு வினாக்களை உள்ளடக்கியது எனக் காட்டினார். இப்பொழுது இதனைத் தூண்டியது யாது. தனி உயிரின் வளர்ச்சியில் இஃது எவ்வாறு அமைந்தது. இதனால் விளையும் பயன் யாது. தலைமுறை தலைமுறையாக இஃது எவ்வாறு உருவாகி வந்தது என்பன அவை.

விலங்குக்குக் கூறியதை மக்கட்கு அப்படியே ஏற்றுதல் பொருந்தாது. எனினும் வினாவைப் பகுக்கும் அளவில் இது பெரிதும் பயன்படும். திண்ணையிற் கூடுதலை நோக்குக. வெயில் இறங்கியமை இன்றைய தூண்டல். தாயருகில் அமர்ந்து சிறுமியாக இருந்தபொழுதே பழகியமை வளர்ச்சி. பிணையும் காப்பும் பயன். இத்தொழில் ஆலைக்குள் அடங்காது இல்லந்தோறும் பரவிய வரலாறு வழிமுறை. இந்நான்கும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. ஒருவர் பயனைக் கூற மற்றொருவர் வரலாற்றைக் கூறி இருவரும் வழக்காடுவது ஆய்வுலகிற் பலகாலும் நிகழ்வது. வெவ்வேறு வினாக்கட்கு விடை கூறுகின்றோம் என்று உணரின் அவ்வழக்கு அடங்கும்.

கேட்டலும் காண்டலும்

மக்களைக் கேட்டறிதலினும் கண்டறிதல் ஏன் முற்படல் வேண்டும்? கேள்வி ஒரு சூழலைப் படைத்துவிடுகின்றது. அச்சூழலுக்கு ஏற்ற விடையே வருகின்றது. மொழியாய்வில் இது மிகத் தெளிவு. நெல்லை வழக்கில், மதிப்பிற்குரிய ஒருவர் வந்தமையை ‘வந்தாவ’ என்பர். கையில் ஏடும் ஒலிப்பதிவுக் கருவியும் கொண்டு, “உங்கள் ஊரில் இதனை எவ்வாறு சொல்வீர்கள்?” என்று பேராசிரியர் வினவின், அதே மனிதர் ‘வந்தாங்க’ என்றோ ‘வந்தார்கள்’ என்றோ கூறக்கூடும். அவர் பொய் கூறவில்லை. அவ்வேளைக்கு உரிய வழக்கைக் கூறினார். அவர் வாயில் ‘வந்தாவ’ இயல்பாக வருவதைக் கேட்க வேண்டுமாயின், அவர் தம் மைனியோடோ அண்ணாச்சியோடோ பேசும் இடத்தில் நாம் இருத்தல் வேண்டும். நாம் இருப்பதே அப்பேச்சை மாற்றிவிடவும் கூடும். நோக்காதபொழுது மக்கள் எவ்வாறு பேசுகின்றனர் என்பதை நோக்கியே அறியவேண்டியுள்ளது என்னும் இம்முரணை வில்லியம் லபாவ் எடுத்துக் காட்டினார்.

அம்முரணைக் கடக்க 1962-இல் அவர் நியூயார்க்கு நகரில் மேற்கொண்ட வழி புகழ்பெற்றது. செல்வர், நடுத்தரத்தார், எளியோர் ஆகியோர் செல்லும் மூன்று பெருங்கடைகளுக்குச் சென்று, நான்காம் தளத்தில் உள்ள பொருளொன்று எங்குள்ளது என்று பணியாளரை வினவினார். ‘நான்காம் தளம்’ என்பதன் ஆங்கிலத் தொடரில் ரகர ஒலி இருமுறை வரும். விடை வந்ததும், செவியில் விழாதவர்போல் மீண்டும் கேட்டு, அழுத்திக் கூறும் விடையையும் பெற்றார். இவ்வாறு 264 பேருடைய பேச்சு கிடைத்தது. செல்வர் கடையில் ரகரம் மிகுந்தும் எளியோர் கடையில் குறைந்தும் ஒலித்தது. வாங்குவோரும் விற்போரும் நாள்தோறும் பேசும் ஒரு பேச்சே ஆய்வுக் கருவியாயிற்று. ஆய்வு நிகழ்வதை ஒருவரும் உணரவில்லை.

இதனால் கேட்டல் வேண்டா என்பது கருத்தன்று. காண்டல் முன், கேட்டல் பின் என்பதே முறை. பல நாள் கண்டபின், “மழை நாளில் மட்டும் அவர் வீட்டுத் திண்ணைக்குப் போவது ஏன்?” என்று குறித்துக் கேட்பின், பொதுவிடை கூற இயலாது; குறித்த விடையே வரும். நாட்டுப்புறப் பாடல் தொகுப்பார்க்கும் இது பொருந்தும். நடவுப் பாடலை வீட்டுக் கூடத்தில் பாடச் சொல்லிப் பெறுவது சொல்லைத் தரும். எந்த அடியில் கை விரைகின்றது, யார் பாட யார் ஏற்கின்றனர், எங்கே சிரிப்பு எழுகின்றது என்பன வயலிலேயே கிடைக்கும்.

உள்ளிருந்து காணல்

வெளியிருந்து காணும் ஆய்வு ஓரெல்லையில் நின்றுவிடும். மார்கரெட் டிராவிக் என்னும் அமெரிக்க மானிடவியலார் தமிழ்ப் புலவர் ஒருவரிடம் மாணிக்கவாசகரின் திருக்கோவையாரைப் பாடங் கேட்டார். அக்கல்வியின் வழியே அப்புலவர் குடும்பத்தோடு உடனுறைந்து, அன்பு அவ்வில்லத்தில் எவ்வாறு வெளிப்படுகின்றது என்று நோக்கி, 1990-இல் ஒரு நூல் வெளியிட்டார். இலக்கியப் பாடமும் இல்லற நோக்கும் ஒருங்கிணைந்தமையால் அந்நூல் தமிழ்த்துறையார்க்குச் சிறப்பாக உரியது.

தாய் தன் குழந்தையைப் பிறர்முன் வெளிப்படப் பாராட்டாமை, அழகிய குழந்தையை இழிந்த பெயரால் அழைத்தல், குழந்தையைச் சீண்டுதல் ஆகியவற்றை அயலார் கண்டால் அன்பின்மை என்றே முடிவு செய்வர். அவ்வீட்டாரோடு வாழ்ந்து, அவர்கள் பயன்படுத்தும் சொற்களையே கருவியாகக் கொண்டு நோக்கியபொழுது அவை அன்பின் வடிவங்களாகப் புலப்பட்டன. மிக்க அன்பு கண்ணேறாகித் தீங்கு செய்யும் ஆதலின் அஃது அடக்கப்படுகின்றது. அடக்கம், பழக்கம், கொடுமை, எளிமை, மயக்கம் முதலிய தமிழ்ச் சொற்களையே அவர் அன்பின் கூறுகளை விளக்கும் தலைப்புகளாகக் கொண்டார். செயலின் காரணத்தை அச்செயலைச் செய்வாரது சொற்பொருளுலகத்தினுள் வைத்துக் காணல் வேண்டும் என்பதற்கு இது தக்க சான்று. தமிழ் கற்றவர்க்கு இவ்வகையில் இயல்பாகவே ஒரு நன்மை உண்டு. அச்சொற்கள் அவர்தம் தாய்மொழிச் சொற்கள். இடர்ப்பாடும் உண்டு, நன்கு அறிந்த சொல் ஆதலின் அதன் பொருளை ஆராயாமலே கடந்துவிடக் கூடும்.

நோக்குவார்க்குரிய வரம்பு

காணத்தக்கன எல்லாம் எழுதத்தக்கன அல்ல. அருவிக்கரையில் குளிப்போரும், துயர்வீட்டில் அழுவோரும், மனைக்குள் பூசலிடுவோரும் ஆய்வின் பொருட்டு அங்கு இருப்பவர் அல்லர். பொதுவிடத்தில் கூட்டத்தின் போக்கை நோக்குவது வேறு. தனிமனிதர் ஒருவரைத் தொடர்ந்து குறிப்பது வேறு. பின்னதற்கு அவர் இசைவு வேண்டும். பெயரும் அடையாளமும் மறைக்கப்படல் வேண்டும். எழுதியதை, அது குறித்த மக்களே படிக்கக் கேட்டால் முகம் சுளிப்பரோ என்று எண்ணிப் பார்த்தல் நல்ல உரைகல். தான் கொண்ட கருத்துக்கு மாறான காட்சியை ஏட்டினின்று விலக்காமையும் ஆய்வாளர்க்குரிய நேர்மையாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துக் காண்போம். ஒரே புறத்தோற்றம் பல காரணங்களால் வரும் ஆதலின் நிலைக்களன் நோக்கல் வேண்டும். காட்சியையும் ஊகத்தையும் வேறு வேறாக எழுதல் வேண்டும். செயல் நிகழும் வேளையை நிகழா வேளையோடு ஒப்பிடல் வேண்டும். ‘ஏன்’ என்னும் வினாவைப் பகுத்துக் கேட்டல் வேண்டும். பல நாள் கண்டபின் வினவி, செய்வார் சொல்லையே கொண்டு பொருள் காணல் வேண்டும்.

தொல்காப்பியர் உலக வழக்கையும் செய்யுள் வழக்கையும் ஒருங்கே ஆராய்ந்தார் என்று அந்நூற் பாயிரம் கூறுகின்றது. செய்யுள் வழக்கை ஆராயும் நெறியில் நாம் நெடுந்தொலைவு வந்துள்ளோம். ஒரு பாடவேறுபாட்டைத் துணிவதற்குப் பல சுவடிகளை ஒப்பிடுகின்றோம். ஒரு சுவடியை மட்டும் நம்பிப் பதிப்பிப்பாரை நாம் ஏற்பதில்லை. உலக வழக்கிற்கும் அதே பொறுமை வேண்டும். ஒரு நாட் காட்சி ஒற்றைச் சுவடி போன்றது. குத்துக்கல்வலசைத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெண்டிர் ஏன் அங்கு அமர்ந்துள்ளனர் என்று ஒரு மாணவர் எழுத முற்படின், பல நாட்களையும் பல பொழுதுகளையும் ஒப்பிட்டபின் எழுதுவாராக.